கினி பன்றிக்கு ஒரு வாகடம்

மாட்டுக்கு வாகடம் இருக்கு. குதிரைக்கு அசுவ சாஸ்திரம், யானைக்கு கஜ சாஸ்திரம். இந்த ரெண்டையும் தஞ்சாவூர் சரசுவதி மகால்காரங்க புத்தகமாவே போட்டிருக்காங்க. அத்திகிரி வரதர் இருக்கற சின்ன காஞ்சிபுரத்துல யானையைப் பத்தி ஒரு சந்தேகம்னா கேக்க நாலு பேர் கிடைப்பாங்க, மாடுன்னா நாப்பது பேர். ஆனா கினி பன்றி? அதுக்கு எந்தச் சித்தரும் பாட்டு எழுதி வைக்கலை. எழுதியிருக்கவும் முடியாது. அது தென் அமெரிக்காவோட ஆண்டிஸ் மலைப் பிராணி. அங்க சாப்பாட்டுக்காகப் பல ஆயிரம் வருஷமா வளர்க்கறாங்க, பெருவுல இன்னிக்கும் அது விருந்துச் சாப்பாடு. ஐரோப்பாவுக்கு 16ஆம் நூற்றாண்டுல போச்சு. சுவிட்சர்லாந்துக்காரர் கான்ராட் கெஸ்னர் 1554இல அதைப் பத்தி எழுதியிருக்கார். பேர்ல பன்றி இருந்தாலும் பன்றி கிடையாது, எலி அணில் மாதிரி கொறிக்கற ஜாதி. கினிங்கற நாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. நம்ம பத்திரிகைக்காரங்க 'எங்களைச் சோதனை எலி ஆக்காதீங்க'ன்னு தலைப்பு வைக்கறப்போ, இங்கிலீஷ்ல எலி இருக்கற இடத்துல இருக்கறது இதுதான்.

ஏன் இப்போ திடீர்னு இந்தப் பதிவுன்னு கேட்டா, எங்க தெருவுல ஒரு நெசவுக்காரர் வீடு. குழித்தறி ரெண்டு. பொண்ணு ஏழாவது படிக்குது. அவ தாய்மாமன் சென்னையில ஒரு கடையில ஜோடியா ரெண்டு கினி பன்றி வாங்கிட்டு வந்து கொடுத்தார். "முயலுக்குப் போடற தீவனமே போதும் சார், வேற ஒண்ணும் வேணாம்"னு கடைக்காரர் சொன்னாராம். முயல் தீவனமும் தண்ணியும். ரெண்டு மாசத்துல ஒண்ணு சாப்பிடறதை நிறுத்திச்சு. ரோமம் சிலுத்துக்கிட்டு, மூட்டு வீங்கி, தொட்டா கீச்சுனு கத்திச்சு. ஒரு நாள் காலைல செத்துக் கிடந்துச்சு. அடுத்த வாரம் இன்னொண்ணும் அதே மாதிரி மூலையில ஒடுங்கிடுச்சு. பொண்ணு ஸ்கூலுக்குப் போக மாட்டேன்னு அழுகை.

அவங்க அப்பா என்கிட்ட வந்து, "அண்ணே, நீங்கதான் கம்ப்யூட்டர்ல எல்லாம் பாப்பீங்களே, என்னன்னு பாருங்கண்ணே"ன்னார். பார்த்தேன். பத்து இடத்துல பத்து யோசனை. தண்ணியில வைட்டமின் சொட்டு கலந்து கொடுன்னு ஒருத்தர். கேரட் போதும்னு ஒருத்தர். பசுவுக்குக் கொடுக்கற அகத்திக்கீரையே நல்லதுன்னு ஒரு புண்ணியவான். எல்லாத்துக்கும் மேல, குழந்தைங்களுக்குக் கொடுக்கற அமாக்ஸிசிலின் சிரப்புல ரெண்டு சொட்டு விடுன்னு ஒருத்தர். எல்லாருமே அடிச்சுச் சொல்றாங்க, அதுதான் பிரச்சினை. நான் டாக்டர் இல்லை. எனக்குத் தெரிஞ்ச ஒரே வழி, ஒரு சங்கதியை முதன்முதல்ல யார் கண்டுபிடிச்சாங்க, எதைப் பார்த்துச் சொன்னாங்கன்னு பின்னாடி போய்த் தேடறது. சரித்திரப் பைத்தியத்துக்கு அது ஒண்ணுதான் உபயோகம் :-)

போய்ப் பார்த்தா, இந்தப் பிராணிக்கு வாகடம் இல்லைன்னு சொன்னேனே, அது தப்பாட்டம். இருக்கு. நூறு வருஷத்துக்கும் மேலா அது தன் உயிரைக் கொடுத்து எழுதவெச்ச வாகடம். அதுல சில ஏடுகள் நம்ம குன்னூர்லயும் சென்னையிலயும் எழுதினது.

முதல் ஏடு 1907. நார்வே தலைநகர் ஆஸ்லோவுக்கு அப்போ கிறிஸ்டியானியான்னு பேர். ஆக்ஸல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக்னு ரெண்டு பேர் அங்க கப்பல்காரங்களுக்கு வர்ற ஒரு வியாதியை ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருந்தாங்க. அது பெரிபெரி வகைன்னு அவங்க எண்ணம். அரிசி, தானியம் மட்டும் தின்னா கோழிக்கும் புறாவுக்கும் பெரிபெரி மாதிரி வருதுன்னு அதுக்கு முன்னாடியே ஜாவாவுல டச்சுக்காரங்க கண்டுபிடிச்சிருந்தாங்க. பாலூட்டி ஒண்ணுல பார்க்கலாமேன்னு இவங்க கினி பன்றிக்கு வெறும் தானியமும் ரொட்டியும் போட்டாங்க. வந்தது பெரிபெரி இல்லை, ஸ்கர்வி! ஈறு ரத்தம் கசிஞ்சு, மூட்டு வீங்கி, எலும்பு நொய்ஞ்சு, பழைய காலத்து மாலுமிங்க செத்த அதே வியாதி. முட்டைகோசும் எலுமிச்சைச் சாறும் கொடுத்தா வரலை. 1747இல ஜேம்ஸ் லிண்ட்ங்கற கப்பல் டாக்டர் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்து மாலுமிகளைக் குணப்படுத்தினாரே, அந்த விஷயத்துக்கு 160 வருஷம் கழிச்சு ஆய்வுக்கூடத்துல ஆதாரம் கிடைச்சுது.

இதுல அதிர்ஷ்டத்தைப் பாருங்க. அவங்க எலியையோ முயலையோ எடுத்திருந்தா ஒண்ணுமே நடந்திருக்காது. எலி, முயல், நாய், மாடு எல்லாம் வைட்டமின் சியைத் தன் உடம்புக்குள்ளயே தயாரிச்சுக்கும். கினி பன்றியால முடியாது. மனுஷனாலயும் முடியாது, குரங்காலயும் முடியாது. கடைசிப் படியில வேலை செய்யற ஒரு என்சைம் நமக்கு இல்லைன்னு 1950களின் கடைசியில அமெரிக்காவுல கண்டுபிடிச்சாங்க. அதே சமயம் கல்கத்தாவுல பிரேஷ் சந்திர குஹாவும் அவர் கூட இருந்தவங்களும் வேற எந்தப் பிராணிக்கெல்லாம் இந்தக் குறை இருக்குன்னு தேடினாங்க. 1958இல நேச்சர் இதழ்ல வந்த அவங்க கட்டுரையில ரெண்டு பேர் மாட்டினாங்க. ஒண்ணு பழந்தின்னி வௌவால். இன்னொண்ணு நம்ம வேலியில உட்கார்ந்து கத்துமே, வாலுக்கு அடியில சிவப்பா இருக்கற கொண்டைக்குருவி. பழம் தின்னே பொழைக்கறதுகளுக்கு அதைத் தயாரிக்க வேண்டிய அவசியம் இல்லாமப் போச்சு போல.

ஆக, கடைக்காரர் சொன்ன யோசனையோட கதை 1907லயே முடிஞ்சுடுச்சு. முயல் தீவனம் முயலுக்குத்தான். அதுல வைட்டமின் சி போட வேண்டிய தேவை இல்லை, ஏன்னா முயலுக்கு வேண்டாம். அதையே கினி பன்றிக்குப் போட்டா, ஹோல்ஸ்டும் ஃப்ரோலிக்கும் செஞ்ச சோதனையை வீட்டுல திரும்பச் செய்யறோம், அவ்வளவுதான். கினி பன்றிக்குன்னே விக்கற தீவனத்துலகூட வைட்டமின் சி நாளாக நாளாகச் செத்துடும். அரைச்ச தேதியிலேர்ந்து 90 நாளுக்குள்ள தீர்த்துடணும்ங்கறது ஆய்வுக்கூடங்கள்ல இருக்கற பழைய கணக்கு. நம்ம ஊர் சித்திரை வெயில்ல மூட்டை கடையில எத்தனை மாசம் கிடந்துச்சோ யார் கண்டா. தண்ணியில சொட்டு கலக்கற யோசனையும் அப்படித்தான். வெளிச்சமும் காத்தும் பட்டா தண்ணியில அது நிக்காது, ருசி மாறினா பிராணி தண்ணி குடிக்கறதையே குறைச்சுடும்.

அப்போ எதைக் கொடுக்கறது? இங்கதான் குன்னூர் வருது.

குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907இல ஆரம்பிச்சது, நாய்க்கடிக்கு மருந்து போட. (பாஸ்டர்னா எல்லாருக்கும் நாய்க்கடிதான் ஞாபகம் வரும். ஆனா பட்டு நெய்யற ஊர்க்காரங்க வேற ஒண்ணையும் ஞாபகம் வெச்சுக்கணும். 1865லேர்ந்து அஞ்சு வருஷம் பிரான்ஸ்ல பட்டுப்புழு வியாதியை ஆராய்ஞ்சு, நோயில்லாத முட்டையைப் பிரிச்செடுக்கற வழியைச் சொன்னவர் அவர்தான்.) அந்தக் குன்னூர் நிலையத்துல இடம் வாங்கிக்கிட்டு ராபர்ட் மெக்கரிசன்ங்கற ராணுவ டாக்டர் சாப்பாட்டு ஆராய்ச்சி பண்ணினார். தீட்டின அரிசி போட்டுப் புறாக்களுக்குப் பெரிபெரி வரவெச்சார். கினி பன்றிகளுக்கு ஸ்கர்வி வரவெச்சு அட்ரினல் சுரப்பி என்ன ஆகுதுன்னு பார்த்து 1919இல எழுதினார். பின்னாடி எலிகளுக்கு இந்தியாவின் ஒவ்வொரு பகுதிச் சாப்பாட்டையும் போட்டுப் பார்த்தார். சீக்கியர் சாப்பாடு தின்ன எலி கொழுகொழுன்னு வளர்ந்துச்சு, மதராஸ் சாப்பாடு தின்ன எலி நோஞ்சானா கடைசியில நின்னுச்சு. நம்ம சாம்பார் சாதத்துக்கு அப்பவே கிடைச்ச அடி :-( சாம்பாரைக் குத்தம் சொல்ல முடியாது, தீட்டின அரிசியை மட்டுமே மலையாக் குவிச்சுக்கிட்டதுதான் காரணம்.

அவருக்கு அப்புறம் 1935இல வந்தவர் அய்க்ராய்டு. 1937இல குன்னூர்லேர்ந்து ஒரு சின்னப் புத்தகம் போட்டார். இந்திய உணவுப் பொருள் ஒவ்வொண்ணுலயும் எவ்வளவு புரதம், எவ்வளவு சுண்ணாம்பு, எவ்வளவு வைட்டமின்னு அட்டவணை. 23ஆம் நம்பர் ஹெல்த் புல்லட்டின். ஆய்வுக்கூடம் 1958இல ஹைதராபாத்துக்குப் போயிடுச்சு, 1969இல தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்னு பேர் மாறிச்சு. அட்டவணை மட்டும் 1971இல கோபாலன் பேர்ல புதுசா வந்து, திரும்பத் திரும்ப அச்சாகி, ஹோம் சயின்ஸ் படிச்ச பொண்ணுங்க வீட்டுல எல்லாம் ஒரு பிரதி கிடக்கும். எங்க சித்தி வீட்டுல இருந்ததைத்தான் நான் எடுத்துப் பார்த்தேன்.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு. ஒரு பழத்துல வைட்டமின் சி எவ்வளவு இருக்குன்னு ஆரம்பத்துல அளந்ததே கினி பன்றியை வெச்சுத்தான். ஸ்கர்வி வராம ஒரு கினி பன்றியைக் காப்பாத்த எவ்வளவு சாறு வேணும்? அதுதான் அளவுகோல். 1931இல ஒரு சர்வதேச யூனிட்டுங்கறது 0.1 மில்லி எலுமிச்சைச் சாறு. அந்தப் பொருளைத் தனியாப் பிரிச்செடுத்த பிறகுதான், 1934இல, 0.05 மில்லிகிராம் அஸ்கார்பிக் அமிலம்னு மாத்தினாங்க. பிரிச்சவர் ஹங்கேரிக்காரர் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி. 1932இல அது ஸ்கர்வியைத் தடுக்குதுன்னு நிரூபிச்சதும் கினி பன்றிகள்லதான். ஆனா கையில சரக்கு போதலை. அவர் இருந்த செகெட் ஊர் மிளகாய்க்குப் பேர் போனது. அந்த ஊர் பாப்ரிகா மிளகாயில வைட்டமின் சி கொட்டிக் கிடக்குன்னு கண்டுபிடிச்சு கிலோக் கணக்குல எடுத்தார். 1937இல நோபல் பரிசு.

இன்னிக்கும் விஷயம் தெரிஞ்ச மருத்துவரைக் கேட்டா கினி பன்றிக்கு முதல்ல சொல்ற காய் அந்தக் குடும்பத்துக் குடைமிளகாய்தான். சித்தி வீட்டு அட்டவணைப்படி 100 கிராமுக்கு 137 மில்லிகிராம். வளர்ந்த கினி பன்றி ஏறக்குறைய ஒரு கிலோ. ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 10லேர்ந்து 20 மில்லிகிராம் வேணும், சினையா இருந்தாலோ வளர்ற குட்டின்னாலோ 30. ஆக 15 கிராம் குடைமிளகாய், அதாவது ரெண்டு விரல் அகலத்துல ஒரு துண்டு. கொய்யா 212 மில்லிகிராம், ஆனா இனிப்பு, அதனால சின்னத் துண்டு, அதுவும் எப்பவாவது. கேரட்டுல வைட்டமின் சி சொற்பம். அகத்திக்கீரையில 169 இருக்கு, பார்த்தா ஆசையாத்தான் இருக்கும். அதே வரியில சுண்ணாம்புச் சத்துன்னு ஒரு கட்டம் இருக்கு, அங்க 1130. வளர்ந்த கினி பன்றிக்கு அளவுக்கு மீறின கால்சியம் போனா மூத்திரப்பையில கல்லு. குதிரைமசாலையும் வளர்ந்ததுக்குத் தினம் போடாதேன்னு சொல்றது இதனாலதான். பசுவுக்கு அகத்தி போட்டா புண்ணியம், இதுக்குத் தினமும் போட்டா கல்லு. மத்தபடி வயிறு நிறைய வேண்டியது புல்லும் காய்ஞ்ச புல்லும்தான். வெளிநாட்டுக்காரங்க திமோத்தி புல்லுன்னு ஒண்ணு சொல்வாங்க, அது இங்க டப்பாவுல யானை விலை. மருந்து அடிக்காத இடத்து அருகம்புல் தாராளமாப் போடலாம்.

அட்டவணையும் வேதவாக்கு இல்லைங்கறதையும் சொல்லிடணும். பழைய புத்தகத்துல நெல்லிக்காய்க்கு 600 மில்லிகிராம். 2017இல அதே நிறுவனம் புதுசா அளந்து போட்ட அட்டவணையில அதுல பாதிகூட இல்லை. காய் மாறும், மண் மாறும், அளக்கற முறை மாறும். கொய்யா மட்டும் ரெண்டுலயும் ஏறக்குறைய ஒரே இடத்துல நிக்குது. நான் ஒரு யோசனையை நம்பறதா வேண்டாமான்னு பார்க்கறதே இப்படித்தான். எண் இருக்கா, அந்த எண் எங்கேர்ந்து வந்துச்சு, யாராவது திரும்ப அளந்தாங்களா?

இனி அந்த சிரப்பு. இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

1940 மே 25ஆம் தேதி ஆக்ஸ்போர்டுல ஃப்ளோரியும் அவர் கூட்டாளிகளும் எட்டு சுண்டெலிகளுக்குக் கொடிய கிருமியை ஊசி போட்டு, நாலுக்கு மட்டும் பெனிசிலின் கொடுத்தாங்க. மறுநாள் அந்த நாலும் உயிரோட இருந்துச்சு, மத்தது செத்துடுச்சு. மருத்துவச் சரித்திரத்துல பெரிய நாள். மூணு வருஷம் கழிச்சு, 1943இல, அமெரிக்காவுல டாரத்தி ஹாம்ரேயும் கூட்டாளிகளும் அதே பெனிசிலினைக் கினி பன்றிக்குப் போட்டாங்க. செத்துப் போச்சு. கிருமியால இல்லை, மருந்தால. அதோட குடல்ல புல்லைச் செரிக்க உதவற நுண்ணுயிர்க் கூட்டம் ஒண்ணு இருக்கு. பெனிசிலின் அந்த நல்லதுகளைக் கொன்னுடும், காலி இடத்துல க்ளாஸ்ட்ரிடியம் ஜாதிக் கெட்டது பெருகி விஷத்தைக் கக்கும். சில நாள்ல பேதியாகிப் பிராணி போயிடும். ஆக்ஸ்போர்டுக்காரங்க அன்னிக்கு சுண்டெலிக்குப் பதில் கினி பன்றியை எடுத்திருந்தா பெனிசிலினே விஷம்னு மூட்டை கட்டியிருப்பாங்கன்னு பின்னாடி பலர் சொல்லியிருக்காங்க. அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின் எல்லாம் பெனிசிலினோட பிள்ளைங்க. வாய் வழியாக் கொடுத்தா அதே கதிதான். கினி பன்றிக்குப் பாதுகாப்பான வேற மருந்துங்க இருக்கு, எது எவ்வளவுன்னு மருத்துவர்தான் சொல்லணும். நம்ம குழந்தைக்குக் கேட்ட சிரப்பு அதுக்கு எமன்.

நம்மை மாதிரியே வைட்டமின் சி வேணும், ஆனா நமக்கு உயிர் கொடுக்கற மருந்து அதைக் கொல்லும். இந்தப் பிராணி இப்படித்தான் பாதி நம்மோட ஒத்துப்போகும், பாதி ஒத்துப்போகாது. அந்த ஒத்துப்போகாத பாதி சென்னையிலயே ஒரு பெரிய புதிரைக் கிளப்பிச்சு. 1882இல ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் காட்டினப்போ கினி பன்றிகளைத்தான் பயன்படுத்தினார். அதுக்கு அப்புறம் டி.பி. ஆராய்ச்சின்னாலே கினி பன்றின்னு ஆச்சு. சென்னை சேத்துப்பட்டுல 1956இல டி.பி. ஆராய்ச்சி மையம் வந்துச்சு. வீட்டுலயே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்துல படுத்துக் கிடக்கற மாதிரியே குணமாகும்னு 1959இல உலகத்துக்குக் காட்டின இடம் அதுதான். அங்க வந்த நோயாளிகளோட கிருமியை எடுத்து மிட்சிசனும் மத்தவங்களும் கினி பன்றிகளுக்குப் போட்டு, இங்கிலாந்து நோயாளிகளோட கிருமியோட ஒப்பிட்டாங்க. 1960இல முடிவு வந்துச்சு. தென்னிந்தியக் கிருமிங்க கினி பன்றிகிட்ட சராசரியா அவ்வளவு வீரியம் காட்டலை. அதுக்காக அந்த நோயாளிங்க லேசான நோயோட வந்தவங்கன்னு அர்த்தம் இல்லை. நெஞ்சு கரைஞ்சு வந்தவங்க. அவங்களைக் கரைச்ச கிருமி கினி பன்றிகிட்ட மட்டும் சாதுவா இருந்துச்சு.

1968இல அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துல (காஞ்சிபுரமும் அப்போ அந்த மாவட்டம்தான், சோதனை நடந்தது திருவள்ளூர் பக்கம்) லட்சக்கணக்கான பேரை வெச்சு பி.சி.ஜி. ஊசிக்கு ஒரு பெரிய பரிசோதனை ஆரம்பிச்சாங்க. 1979இல வந்த முதல் முடிவு எல்லாரையும் உலுக்கிடுச்சு, நுரையீரல் டி.பி.க்கு அந்த ஊசி பாதுகாப்பே கொடுக்கலை. ஏன்னு காரணம் தேடினப்போ அந்தப் பழைய கினி பன்றிக் கணக்கும் திரும்ப மேஜைக்கு வந்துச்சு. இங்க இருக்கற கிருமி வேற மாதிரியோ, இல்லை மண்ணுல தண்ணியில இருக்கற வேற கிருமிங்க முன்னாடியே உடம்பைப் பழக்கிடுச்சோன்னு ரொம்ப நாள் விவாதம். குழந்தைகளுக்கு வர்ற கடுமையான டி.பி.க்கு உதவுதுன்னு பிறந்த குழந்தைக்கு ஊசி இன்னிக்கும் தொடருது.

பம்பாய் பிளேக் கதையும் இருக்கு. 1905-06இல ஆராய்ச்சியாளர்கள் பிளேக் வந்த வீடுகளுக்குள்ள கினி பன்றிகளை விட்டாங்க. பசியோட கிடந்த எலித் தெள்ளுங்க எல்லாம் அதும் மேல ஏறிச்சு. சும்மா விட்டதுக்குப் பிளேக் வந்துச்சு, தெள்ளு நுழையாத சன்னக் கம்பிவலைக்குள்ள வெச்சது பொழைச்சுது. எலியிலேர்ந்து மனுஷனுக்குத் தெள்ளுதான் கொண்டு வருதுன்னு 1898இல கராச்சியில சிமோன் சொன்னதை யாரும் நம்பலை, இதுக்கு அப்புறம் நம்பினாங்க.

தெருவுக்கு வர்றேன். அந்த ரெண்டாவதை சென்னையில ஒரு கால்நடை மருத்துவர்கிட்ட தூக்கிட்டுப் போனாங்க. வைட்டமின் சி ஊசி போட்டு, குடைமிளகாயும் புல்லும் எழுதிக் கொடுத்தார். ஒரு வாரத்துல எழுந்து நடந்துச்சு. அவர் இன்னொண்ணும் சொன்னாராம், ஊசியைவிட உங்க ஊர் வெயில்தான் பெரிய ஆபத்துன்னு. அதுக்குச் சௌகரியம் 18லேர்ந்து 24 டிகிரி, முப்பதை நெருங்கினாலே மூச்சு வாங்கும். அதுக்கு நம்ம மாதிரி வேர்வை கிடையாது. கத்திரியில காஞ்சிபுரம் 40ஐத் தாண்டும். குளிர்தேசத்துக்காரங்க எழுதற யோசனை எல்லாம் எப்படிப் போர்த்தி வைக்கறதுன்னு இருக்கும், நமக்கு எப்படி ஆத்தறதுன்னு வேணும். இப்போ கூண்டு தறிக்குழி இருக்கற அறை மூலையில இருக்கு. பாவு வறண்டு அறுந்துடக் கூடாதுன்னு வெயில் அண்டாம வெச்சிருக்கற அறை, வீட்டுலயே குளுமையான இடம். படுக்க ஒரு ஈர மண் ஓடு. தறி சத்தத்துக்கு முதல் நாள் மிரண்டுச்சாம், அப்புறம் பழகிடுச்சு. ஒத்தையா இருக்கக் கூடாத ஜாதின்னு சொல்லி ஜோடி தேடிக்கிட்டிருக்காங்க. வாங்கறதுன்னா ரெண்டும் பொட்டையாப் பாருங்கன்னு சொல்லியிருக்கேன், இல்லைன்னா தறி அறை பத்தாது ;-)

நெல்லிக்காய் விஷயம் பாதியில நிக்குது. 1939-40இல ஹிசார் பஞ்சத்துல ஸ்கர்வி வந்த ஜனங்களுக்கு அதைக் கொடுத்துக் காப்பாத்தின கதை பெரிசு, அதைத் தனிப் பதிவாத்தான் போடணும். யார்கிட்டயாவது 1937ஆம் வருஷத்து அய்க்ராய்டு புத்தகம் இருந்தா நெல்லிக்காய் வரியை மட்டும் பார்த்துச் சொல்லுங்க, 600ங்கற எண் அப்பவே இருக்கா, பின்னாடி வந்ததான்னு எனக்குத் தெரியணும்.